துப்பாக்கி ஸ்டேஷனில்... தோட்டா கைப்பையில்!

2024 ஜூன் 2. நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கைக்கு இன்னும் இரண்டே நாள். திருச்சி விமானத்தைப் பிடிக்க சென்னை விமான நிலையத்துக்கு வந்திருந்தார் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ-வுமான கருணாஸ். அவருடைய கைப்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனதும் சோதனை நின்றது. பையைத் திறந்து பார்த்தால், உள்ளே 40 தோட்டாக்கள்!

அவை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கானவை. தேர்தலுக்காக துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாகவும், அவசரத்தில் எடுத்து வந்த பையில் தோட்டாக்கள் இருந்ததைக் கவனிக்கவில்லை என்றும் அவர் விளக்கம் கொடுத்தார். ஆவணங்களைக் காட்டிய பிறகு விடுவிக்கப்பட்டார். ஆனால், அன்றைய திருச்சிப் பயணம் ரத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 40 தோட்டாக்களை முன்கூட்டியே சொல்லி செக்-இன் லக்கேஜில் போட்டிருந்தால் அது விதிக்கு உட்பட்டதுதான். இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் பொதுவாக ஒரு பயணிக்கு ஒரு துப்பாக்கி, 50 தோட்டாக்கள் வரை அனுமதி உண்டு. சிக்கல் தோட்டாவில் இல்லை, அது இருந்த பையில்தான்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். எதிரே விமான நிலையம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் என்று சீருடை வாடை அடிக்கும் பகுதி இது. சொந்தத் துப்பாக்கியுடன் காவல் வேலைக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர், போட்டிகளுக்குக் கிளம்பும் துப்பாக்கி சுடும் வீரர்கள் என்று லைசென்ஸுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ஒரே நாளில் வேலை வைப்பவர்கள் உண்டு.

அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது லைசென்ஸ் எந்த ஊர் வரை செல்லும் என்பதை. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு டெல்லிக்குத் துப்பாக்கி கொண்டுபோனால், விமானத்தில் ஏறுவதற்குச் சிக்கல் இல்லாமல் போனாலும் இறங்கிய இடத்தில் அது சட்டவிரோதம். அகில இந்திய அனுமதி வேண்டுமென்றால் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டங்களில் அது கலெக்டர். போலீஸ் கமிஷனர் இருக்கும் பகுதிகளில் அந்த அதிகாரம் கமிஷனருக்கு என்கிறது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். தாம்பரத்துக்குத் தனி கமிஷனரகம் வந்தது 2022 ஜனவரியில்.

அடுத்தது விமான நிறுவனம். டிக்கெட் போட்டதுமே துப்பாக்கி கொண்டுவரும் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. வெப் செக்-இன் செய்துவிட்டு நேராக உள்ளே போகும் பழக்கம் அன்றைக்கு உதவாது. கவுன்ட்டருக்குப் போய், ஒரிஜினல் லைசென்ஸைக் காட்டி, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பது அங்கேயே பரிசோதிக்கப்படும். தோட்டாக்கள் தனியாகப் பேக் செய்யப்பட்டு, பூட்டிய பெட்டி பயணிகள் யாருக்கும் எட்டாத சரக்குப் பகுதிக்குப் போகும். நேரம் பிடிக்கும் வேலைதான். வழக்கத்தைவிட சீக்கிரமாகவே வீட்டிலிருந்து கிளம்பிவிட வேண்டும்.

துப்பாக்கியை யாரும் மறப்பதில்லை. அதன் கனமே ஞாபகப்படுத்திவிடும். மறப்பது தோட்டாவைத்தான். சுண்டுவிரல் அளவு கூட இல்லாத பொருள் பையின் ஓர ஜிப்பில் விழுந்து, லைனிங் கிழிசலுக்குள் போய் மாதக்கணக்கில் கிடக்கும். அந்தப் பையை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். தாத்தாவின் பையோடு காலேஜ் டூர் கிளம்பும் பேரனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அவன் பெயரில் லைசென்ஸும் இல்லை. நினைவுக்காக வைத்திருக்கும் காலித் தோட்டா உறைகூட எக்ஸ்ரேயில் அதே வடிவத்தில்தான் தெரியும்.

சிக்கினால் விமான நிலைய போலீஸ், விசாரணை, தேவைப்பட்டால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் பையில் கிடந்ததைக் குற்றமாகப் பார்க்க முடியுமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் பலமுறை போயிருக்கிறது. ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால்தான் அது குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காகப் போடப்பட்ட வழக்குகளை இதன் அடிப்படையில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் ரத்தாகும்வரை வக்கீல் ஃபீஸும் வாய்தாவும் யாருக்கு?

துப்பாக்கியே இல்லாத வீடுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குழந்தையின் பொம்மைத் துப்பாக்கியும் கைப்பையில் போகக் கூடாது. 1978 டிசம்பரில் லக்னோவிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரண்டு பேர் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டித்தான் வாரணாசிக்குக் கடத்தினார்கள். சிறையில் இருந்த இந்திரா காந்தியை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. மிரண்டு உட்கார்ந்திருந்த பயணிகளுக்கு அது பொம்மை என்று அப்போது தெரியாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் பெட்டியில் தேடிப் பார்த்துவிடலாம். துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தடைப் பட்டியலில் வைத்திருக்கிற ஊர் அது.