கோபுரத்தை விரட்டினார்கள், குரலை?

"தடை செய்! தடை செய்!" நமது கூட்டங்களில் இந்த முழக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. கிறிஸ்தவ மிஷனரிகளின் பிரச்சாரம் வானொலியில் வந்தபோதும் இதுதான் கோஷம். இப்போது அது செல்போனுக்குள் வந்துவிட்டது. கோஷம் மட்டும் அப்படியே இருக்கிறது. தீர்மானம் போடுகிறோம். கலெக்டருக்கு மனு கொடுக்கிறோம். சுவரொட்டி ஒட்டுகிறோம். பிறகு அவரவர் கடையைத் திறக்கப் போய்விடுகிறோம். அந்த நிகழ்ச்சியோ மறுநாளும் அதே நேரத்தில் வருகிறது!

சகோதரர்களே, தடை போட்டுப் பார்த்த நாடு ஒன்று உண்டு. முஸ்லிம் நாடு, முஸ்லிம் மன்னர், கையில் முழு அதிகாரம். அங்கே என்ன நடந்தது என்று நமது இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மொராக்கோவின் வடமுனையில் இருக்கும் துறைமுகம் டான்ஜியர். அரபிகள் தன்ஜா என்பார்கள். உலகம் சுற்றிய இப்னு பதூதா 1304-ல் பிறந்த ஊர். எதிரே குறுகலான ஜலசந்தி. அதற்கு அப்பால் ஸ்பெயின். 711-ல் தாரிக் பின் ஸியாத் படையோடு கடந்த அதே ஜலசந்திதான்.

இந்த ஊரை ஐரோப்பிய வல்லரசுகள் 1923 ஒப்பந்தத்தின் மூலம் 'சர்வதேச மண்டலம்' என்று அறிவித்துக்கொண்டன. வரிச் சலுகை தாராளம். எந்த நாட்டுக்காரரும் வரலாம், பாங்க் வைக்கலாம், கம்பெனி வைக்கலாம், வானொலி நிலையமும் வைக்கலாம். மண்ணின் மைந்தனான மொராக்கோ முஸ்லிமின் பேச்சு மட்டும் அங்கே எடுபடாது. ஏகாதிபத்தியம் அதற்கு வைத்த பெயர் 'சுதந்திரத் துறைமுகம்'!

அமெரிக்கரான பால் ஃப்ரீட் மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளை. பெற்றோர் ஊழியம் செய்த பாலஸ்தீனத்தில் வளர்ந்தவர். 1948-ல் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே ஃபிராங்கோவின் ஆட்சி. கத்தோலிக்கம் அரசு மதம். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் நான்கு சுவருக்குள் வழிபடலாம். வெளியே பகிரங்கமாக எதுவும் செய்யக்கூடாது என்பது சட்டம். தன் சகோதரக் கிறிஸ்தவர்களின் வாய் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்த ஃப்ரீட், கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருக்கவில்லை. வரைபடத்தை விரித்தார். ஸ்பெயினுக்குள் பேச முடியாது. ஜலசந்திக்கு இக்கரையிலிருந்து பேசலாமே!

1954 பிப்ரவரி 22. 'டான்ஜியரின் குரல்' ஒலித்தது. ராணுவம் கழித்துப்போட்ட டிரான்ஸ்மிட்டர், 2,500 வாட்ஸ். நிலையத்தைக் கவனித்துக்கொள்ள ஃப்ரீடின் தந்தையே தன்ஜாவில் குடியேறினார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் அவர்கள் குறிவைத்த நேயர்கள் முஸ்லிம்கள் அல்லர். கிறிஸ்தவ அரசு கிறிஸ்தவருக்குக் கதவைச் சாத்தியது. அவர் முஸ்லிம் மண்ணில் வந்து நின்று பேசினார். "நம்மை அழிக்கவே எல்லாம் நடக்கிறது" என்று எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்காக மிஷனரிகளைக் கேள்வி கேட்காமல் விடவும் முடியாது. அந்த பிப்ரவரி மாதத்தில் மொராக்கோவின் சுல்தான் ஐந்தாம் முஹம்மது எங்கே இருந்தார்? 1947 ஏப்ரலில் இதே தன்ஜாவுக்கு வந்து தன் நாட்டின் உரிமைக்காகப் பேசியவர் அவர். அந்த ஒரு பேச்சு பிரெஞ்சுக்காரர்களின் கண்ணை உறுத்தியது. 1953 ஆகஸ்டில் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, முதலில் கோர்சிகாவுக்கும் பிறகு மடகாஸ்கருக்கும் நாடு கடத்தினார்கள். நாட்டின் சுல்தான் மடகாஸ்கரில் கைதி. அவர் உரிமைக் குரல் எழுப்பிய ஊரில் அந்நியரின் குரலுக்கு அனுமதி! சுல்தானை மிஷனரிகள் நாடு கடத்தவில்லை. உண்மைதான். ஆனால் வீட்டுக்காரரைக் கட்டிப்போட்டவன் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். இதை 'இறைவன் திறந்த வாசல்' என்று சொன்னால், பூட்டை உடைத்தவன் யார் என்று நாம் கேட்கத்தான் செய்வோம்.

இது தன்ஜாவோடு முடிந்த கதையல்ல. 1964-ல் இதே நிறுவனம் டச்சுக்காரர்களின் ஆளுகையில் இருந்த பொனேர் தீவில் நிலையம் வைத்தது. 1970-ல் ஃபெபா என்ற வேறொரு நிறுவனம் சேஷெல்ஸ் தீவிலிருந்து பேசத் தொடங்கியபோது அது பிரிட்டிஷ் காலனி. சின்ன இடம், அந்நிய ஆட்சி, அக்கரையில் பெரிய மக்கள்தொகை. கணக்கு புரிகிறதா?

எல்லா இடத்திலும் காலனிக் கதவுதான் என்று சொன்னால் அது நியாயமாகாது. தென் அமெரிக்காவில் ஈக்வடார் சுதந்திர நாடு. கிளாரன்ஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் 1928-ல் வானொலி வைக்க இடம் தேடி நாடு நாடாக அலைந்தார். எங்கும் கைவிரித்தார்கள். கடைசியில் 1930-ல் ஈக்வடார் அரசே இருபத்தைந்து வருட அனுமதி கொடுத்தது. 1931 கிறிஸ்துமஸ் நாளில் குயிட்டோ நகரில் எச்.சி.ஜே.பி. நிலையம் ஒலித்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்த வருடம் அது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி சில நூறு வாட்ஸ்தான். அந்த நாட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்க ஆளில்லாத ஊரில் கடை விரித்திருக்கிறார்கள்!

பிற்பாடு சக்தியைக் கூட்டினார்கள். குயிட்டோ ஒன்பதாயிரம் அடிக்கும் மேலே உள்ள மலை நகரம். காற்றின் அடர்த்தி குறைவு. ஆண்டெனாக் கம்பியின் நுனியில் மின்சாரம் பொறிந்து கம்பியே உருகிற்று. வேறு யாராக இருந்தாலும் "தக்தீர்" என்று சொல்லி மூட்டை கட்டியிருப்பார்கள். நிலையத்தின் பொறியாளர் கிளாரன்ஸ் மூர் உட்கார்ந்து யோசித்தார். நுனி இருப்பதால்தானே பொறிகிறது, நுனியே இல்லாமல் செய்தால்? கம்பியைச் சதுர வளையமாக மடக்கினார். அந்தச் சதுர ஆண்டெனாவை இன்றும் உலகம் முழுக்க அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கொள்கை நமக்கு உடன்பாடில்லை. உழைப்பைக் கண்டும் காணாததுபோல் போவது மூமினுக்கு அழகா?

தன்ஜாவுக்கு வருவோம். 1956-ல் மொராக்கோ விடுதலை அடைந்தது, அல்ஹம்துலில்லாஹ். தன்ஜாவும் தாய்நாட்டோடு சேர்ந்தது. 1959 இறுதியோடு தனியார் வானொலி கிடையாது, எல்லாம் அரசுடைமை என்று அரசு சட்டம் போட்டது. ஒரு சுதந்திர நாட்டின் உரிமை அது. நமது பாஷையில் சொன்னால் முழு வெற்றி. கோபுரம் ஓய்ந்தது.

பத்தே மாதம்! 1960 அக்டோபர் 16 அன்று அதே குரல் ஐரோப்பாவில் மான்டி கார்லோவிலிருந்து ஒலித்தது. இப்போது நிறுவனத்தின் பெயர் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ. டிரான்ஸ்மிட்டர் 100 கிலோவாட். 2,500 வாட்ஸை விரட்டியதற்கு நாற்பது மடங்காகத் திரும்பி வந்தது! ஒலிபரப்புக்குக் கிடைத்த கட்டடம், யுத்த காலத்தில் ஹிட்லரின் ஆட்கள் தங்கள் பிரச்சாரத்துக்காகக் கட்டியது. ஸ்பெயினோடு நிற்காமல் வட ஆப்பிரிக்காவுக்கு அரபியிலும் பேசினார்கள். மொராக்கோவின் சுங்கச் சாவடியில் அந்த அலையை நிறுத்திப் பரிசோதிக்க எந்த அதிகாரியால் முடியும்?

எத்தியோப்பியாவிலும் ஒரு கதை உண்டு. 1963-ல் லூத்தரன் உலக சம்மேளனம் அடிஸ் அபாபாவில் பெரிய நிலையம் கட்டியது. மன்னர் ஹைலே செலாஸியே திறந்துவைத்தார். 1977 மார்ச்சில் ராணுவ ஆட்சி அதைப் பறிமுதல் செய்தது. மன்னரின் நிழலில் கட்டிய கோபுரம், மன்னருக்குப் பின் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். இந்தியாவில் வானொலி நெடுங்காலம் அரசின் ஏகபோகம். தனியார் எஃப்.எம். வந்த பிறகும் மத அமைப்புகளுக்கு லைசென்ஸ் கிடையாது. ஸ்பெயினுக்கு ஒரு தன்ஜா என்றால் இந்தியாவுக்கு எது? இலங்கையின் புத்தளம்! அங்கிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ 400 கிலோவாட் சக்தியில், மத்திய அலை 882 கிலோஹெர்ட்ஸில், இந்திய மொழிகளில் பேசியது. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர். தன்ஜாவில் பிறந்த இப்னு பதூதா 1344-ல் இலங்கையில் கரையிறங்கிய இடமும் இந்தப் புத்தளம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவர் தன்ஜாவிலிருந்து புத்தளம் வந்தார். அந்த வானொலியும் தன்ஜாவில் தொடங்கிப் புத்தளம் வந்தது. நமது வாலிபர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம்மிடம் வானொலி இல்லாமலா போயிற்று? கெய்ரோவில் 1964 முதல் திருக்குர்ஆனுக்கென்றே தனி ஒலிபரப்பு உண்டு. தமிழில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிக்காக நம் கடற்கரை ஊர்களில் பெட்டியைச் சுற்றி ஜனங்கள் உட்கார்ந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் இவை இரண்டுமே அரசாங்கத்தின் வானொலிகள். அரசு கொடுத்தால் நேரம், எடுத்தால் மௌனம். சமுதாயம் தன் காசில் வைத்த குரல் எங்கே?

"அவர்களுக்கு அமெரிக்கப் பணம் வருகிறது" என்று உடனே பதில் வரும். வருகிறதுதான். டிரான்ஸ்மிட்டரைப் பணம் வாங்கிவிடும். நேயரை அது வாங்கித் தராது. அவர்களுடைய வேலையின் உயிர்நாடி கோபுரத்தில் இல்லை, தபாலில் இருந்தது. நிகழ்ச்சி முடிவில் ஒரு தபால் பெட்டி எண். எழுதியவருக்குப் பதில், அவருடைய மொழியில். பதிலோடு புத்தகம், பிறகு அஞ்சல்வழிப் பாடம். கேட்டவர் எழுதினார், எழுதியவர் படித்தார், வருடக்கணக்கில் உறவு வளர்ந்தது. வியாபாரிகளுக்கு இதை விளக்கவா வேண்டும்? தினமும் ஒரே நேரத்தில் திறக்கிற கடைக்குத்தான் வாடிக்கை. ரமளானில் மட்டும் திறக்கும் கடைக்குப் பதினொரு மாதம் யார் வருவார்?

இன்று வானொலியின் காலமே மாறிவிட்டது. சேஷெல்ஸ் நிலையம் 2003-ல் மூடப்பட்டது. குயிட்டோவின் பெரிய சிற்றலைக் கோபுரங்கள் 2009-ல் ஓய்ந்தன. அன்று கோபுரம் கட்டக் கோடி வேண்டும், இன்று கையில் இருக்கும் போன் போதும். சாக்குச் சொல்ல இனி இடமில்லை.

தடை கேட்பவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு எல்லோருக்கும் சேர்த்துத்தான் தருகிறது. 1981-ல் மீனாட்சிபுரம் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது "தடை செய்" என்று கூச்சல் போட்டவர்கள் யார்? அது யாரை நோக்கிய கூச்சல்? 2002-ல் தமிழக அரசு மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது அதை எதிர்த்துக் கிறிஸ்தவர்களும் நாமும் சேர்ந்துதானே குரல் கொடுத்தோம்? 2004-ல் அது விலகியது. அன்று நமக்குக் கேட்ட உரிமையை இன்று அடுத்தவருக்கு இல்லை என்று சொன்னால், நாளை அதே மனுவில் நம் பெயரை எழுதிக் கொடுக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். ஏமாற்றினால், ஆசை காட்டி மிரட்டினால் வழக்குப் போடுங்கள். பேசினார்கள் என்பதற்காகத் தடை கேட்காதீர்கள். அழகிய முறையில் விவாதிக்கச் சொன்ன மார்க்கத்துக்குச் சொந்தக்காரர்கள், எதிராளியின் மைக்கைப் பிடுங்கச் சொல்லி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதா?

மாநாட்டுப் பந்தலுக்கு லட்சம் கேட்டால் தரும் முதலாளிமார்கள் இருக்கிறார்கள். ஜஸாக்கல்லாஹ் ஹைர். ஆனால், இஸ்லாத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டு எழுதும் ஒரு பிற சமய சகோதரருக்கு அந்த வாரத்துக்குள் பதில் எழுத, மாதச் சம்பளத்தில் ஓர் ஆளை எத்தனை ஊர் ஜமாஅத் வைத்திருக்கிறது? உங்கள் கடையில் பில் போடும் பையனுக்குக் கொடுக்கும் சம்பளம்தான் ஆகும். இன்றிரவு கல்லாப்பெட்டியை மூடும்போது அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.