பொத்தான் எங்கே போனது?

“அடுத்து எத அமுக்கணும்டா? இங்க ஒன்னுமே காணோமே!”

கடந்த தவணையில் ஒரு மாலைப்பொழுது. தொலைபேசியில் அம்மா. மறுநாள் என் விடுதிக் கட்டணத்திற்குக் கடைசி நாள். என் கணக்கில் அவ்வளவு பணம் இல்லாததால் அம்மாதான் கட்ட வேண்டியிருந்தது. பழைய கைப்பேசி பழுதாகி, அந்த வாரம்தான் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். நீளமான திரை. பணம் செலுத்தும் செயலியில் கணக்கு எண்ணை நிரப்பினார், தொகையை நிரப்பினார். ஆனால், ‘உறுதிசெய்’ என்ற பொத்தானைக் காணவில்லை. பழைய கைப்பேசியில் பளிச்சென்று தெரிந்த அது, புதியதில் திரையின் அடிப்பட்டைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. மேலே தள்ளினாலும் வரவில்லை.

அரை மணி நேரம் நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அம்மா, “எனக்குத்தான் ஒன்னும் தெரியல போலிருக்கு,” என்றார். மறுநாள் தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பெடுத்து, பேருந்து ஏறிப் போய் முகப்பில் கட்டிவிட்டு வந்தார். அரை நாள் சம்பளம் போயிற்று. இரண்டு மாதம் கழித்து அச்செயலிக்குப் புதுப்பிப்பு வந்தது. ‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று அதில் எழுதியிருந்தது.

எது சிறு பிழை, நண்பர்களே?

இது புதிய நோயன்று. 2012 செப்டம்பரில் ஐபோன் 5 வந்தபோது திரை 3.5 அங்குலத்திலிருந்து 4 அங்குலமானது. அகலம் அப்படியே 640 படப்புள்ளிகள். உயரம் மட்டும் 960இலிருந்து 1136 ஆனது. புதுப்பிக்கப்படாத செயலிகள் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளுடன் நடுவில் முடங்கிக் கிடந்தன. 2014இல் ஐபோன் 6 வந்தபோது பழைய செயலிகள் இழுத்துப் பெரிதாக்கப்பட்டு மங்கித் தெரிந்தன. 2017இல் ஐபோன் எக்ஸ், உச்சியில் ஒரு வெட்டோடு வந்தது. மீண்டும் அதே கதை.

ஏன் இப்படி? கணினி அறிவியல் படிக்கும் நானே இதற்குச் சாட்சி. இரண்டாம் ஆண்டில் பாடத்திட்டப் பணிக்காக, தம்பிக்குத் தமிழ் எழுத்துகள் கற்பிக்கும் செயலி ஒன்றைச் செய்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனையாவது புள்ளியில் நிற்க வேண்டும் என்று ஆணியடித்தாற்போல் நிறுத்தினேன். சோதித்தது என் கைப்பேசியில் மட்டும்தான். நல்ல புள்ளிகள் கிடைத்தன. வீட்டில் தம்பி அதைத் திறந்தபோது கடைசி வரிசை எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டிருந்தன. ‘விளிம்பிலிருந்து இவ்வளவு தள்ளி நில், இடம் போதாவிட்டால் நகர வழி விடு’ என்று எழுதியிருந்தால் எந்தத் திரையிலும் சரியாக நின்றிருக்கும். அதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். நான் சோம்பல்பட்டேன். ஆகவே, இக்குற்றச்சாட்டில் எனக்கும் பங்குண்டு.

உருவாக்குநர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஐபோன் 5 அறிவிக்கப்பட்டது செப்டம்பர் 12. கடைக்கு வந்தது செப்டம்பர் 21. ஒன்பதே நாளில், கையில் கருவியே இல்லாத ஒரு தனிமனிதர் என்ன செய்வார்? இலவசமாகச் செயலி தருபவரிடம் சட்டம் பேசக் கூடாது.

ஆனால், தாமதத்திற்கெல்லாம் பணமும் ஆளும் இல்லாததே காரணம் என்று சொல்ல முடியுமா? ஐபேட், இன்ஸ்டாகிராம் இரண்டுமே 2010இல் பிறந்தவை. ஐபேட்டின் திரைக்கென இன்ஸ்டாகிராம் செயலி வந்தது 2025 செப்டம்பரில்தான். பதினைந்து ஆண்டுகள்! ஐபேட் பயன்படுத்துவோர் எண்ணிக்கை முன்னுரிமை தரும் அளவுக்குப் பெரிதில்லை என்ற பொருளில் அதன் தலைவர் ஆடம் மொசேரி 2022இல் விளக்கம் தந்தார்.

எண்ணிக்கை போதாது. இந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு 2016இல் தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்தபோது தமிழ் வகுப்புக் கேட்டோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். நாங்கள் பள்ளி முழுதும் சேர்த்தே பன்னிருவர். அடுத்த ஆண்டு ஐவர் சேர்ந்த பிறகே வகுப்பு நடந்தது. அந்த ஓராண்டு, கறுப்புப் பட்டைகளுக்கு நடுவில் நின்ற செயலியைப் போல்தான் நானும் இருந்தேன்.

எண்ணிக்கையைக் காத்திருந்தால் தமிழே கணினிக்கு வந்திராது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். பின்னர் செல்லினம் வழியே கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தார். பயனர் கூட்டம் திரளட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

கெடு வைத்தால் வேலை நடக்கும் என்பதற்கும் சான்றுண்டு. 2013 மே 1 முதல், 4 அங்குலத் திரைக்கு ஏற்றதாக இல்லாத புதிய ஐபோன் செயலியையும் புதுப்பிப்பையும் ஏற்கமாட்டோம் என ஆப்பிள் அறிவித்தது. விளையாட்டுச் செயலிக்கே இப்படியென்றால், மக்களின் பணமும் மருத்துவமும் கல்வியும் புழங்கும் செயலிகளுக்குக் கெடு வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. இத்தகைய செயலி புதிய திரைக்குத் தயாராகும்வரை மாற்று வழியொன்றைத் திறந்து வைப்பது அதை நடத்துவோரின் கடமை. அதற்கான செலவை அம்மாவின் அரை நாள் சம்பளத்திலிருந்து எடுப்பது முறையன்று.

நமக்கும் வேலை இருக்கிறது. செயலி செய்யப் போகும் தோழர்களே, உங்கள் கைப்பேசியோடு நிறுத்தாமல், வீட்டிலுள்ள மலிவான கைப்பேசியில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துச் சோதியுங்கள். மற்றவர்களே, பொத்தான் மறைந்தால் படமெடுத்து நிறுவனத்திற்கு எழுதுங்கள். பன்னிருவர் பதினேழு பேரானதும் கேட்டுக் கேட்டுத்தான்.

அதைவிட முக்கியமாக, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது ஒன்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறியது அது: “அம்மா, தப்பு உங்க மேல இல்ல.”