சராசரி ஒன்று, கதி வேறு

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்து மாணவன் ஒருவன் கைப்பேசியோடு வந்து நின்றான். விளையாட்டில் இரண்டு வாளாம். ஒன்று ஒவ்வோர் அடிக்கும் 100 புள்ளி குறைக்கும். மற்றது சராசரி பத்தில் ஒரு வீச்சுக்கு 1,000 குறைக்கும். மற்றதெல்லாம் வெறும் வீச்சு.

"எது சார் நல்லது?"

சராசரி இரண்டுக்கும் 100தான். ஆனால் எதிரியின் உயிர் 300 என்றால், முதல் வாள் மூன்றே அடியில் முடித்துவிடும். இரண்டாவது மூன்று அடிக்குள் முடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 27தான். (மூன்றுமே தவறும் வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.729.)

கூட வந்த அப்பா சிரித்தார். "நாங்க நம்பர் எடுக்கிற மாதிரி இருக்கே, வாத்தியாரே!"

அதே கணக்குதான். 1969 முதல் நடக்கும் மெக்னம் நாலு நம்பரில் 10,000 எண்கள். ஒரு வெள்ளி 'பிக்' கட்டினால் 23 எண்களுக்குப் பரிசு. எல்லாம் கூட்டினால் 6,400 வெள்ளி. 'ஸ்மால்' என்றால் மூன்றே எண்கள், 6,500 வெள்ளி. ஆக, வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 64 காசு அல்லது 65 காசு.

அவர் வாரம் மூன்று குலுக்கலுக்கும் பத்துப் பத்து வெள்ளி 'பிக்' கட்டுகிறாராம். வருஷத்துக்குச் சராசரி நஷ்டம் ஏறக்குறைய 560 வெள்ளி என்று பலகையில் எழுதினேன்.

"அழிச்சிடுங்க, வாத்தியாரே," என்றார். "இவங்கம்மா வர்றா."