மூன்றாவது கையொப்பம் எங்கே?

திறன் பயிற்சிக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் காட்சியை நாளேடுகளில் அடிக்கடி காண்கிறோம். மேசைக்கு இப்புறம் அரசு அதிகாரி, அப்புறம் நிறுவனத்தின் பிரதிநிதி, நடுவே பூச்செண்டு. எந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காக அந்தத் தாள் எழுதப்பட்டதோ, அவர்களைப் படத்தில் காண்பதில்லை. படத்தில் இல்லாமற்போவது பெருங்குறையன்று. தாளிலேயே அவர்கள் ஒரு தரப்பாக இல்லை என்பதுதான் நம் வழக்கு.

வெம்பாக்கம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் ஆரணி. இரண்டும் பட்டுத்தறியால் பெயர் பெற்ற ஊர்கள். இடையே, மாங்கால் கூட்டுச் சாலையை ஒட்டிச் செய்யாறு சிப்காட். தறிக்குழியில் அமர்ந்த தந்தையின் மகள், இன்று காலணித் தொழிற்சாலையின் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கிறாள். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஊரருகே மாதச் சம்பளம் கிடைப்பது நல்லதுதான். தறியைப் பற்றிக் கண்ணீர் வடிக்கும் பலர், தம் பிள்ளைகளைத் தறியில் உட்கார்த்த முன்வரமாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

அந்தத் தறியிலும் ஒரு பயிற்சி முறை இருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் எல்லாவற்றையும் ஓட்ட இயலாது. பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள ஓர் உதவியாள் தேவை. அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவனோ சிறுமியோ உட்கார்ந்தனர். 'தொழில் பழகுகிறான்' என்பது ஊர்ப் பேச்சு. அதற்குப் பின்னால் தகப்பனார் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இருந்தது. கடன் தீரும்வரை பிள்ளை நகர முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதன் பின்னும் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் இந்த நிலை நீடித்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் அறிக்கையாக வெளியிட்டது. பேரம் இரண்டு பெரியவர்களுக்கிடையே நடந்தது. உழைத்தது மூன்றாவது ஆள்.

பின்னர் நூற்பாலைகள் இதே ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலகரமான பெயர் சூட்டின. மூன்றாண்டு 'பயிற்சியாளர்', முடிவில் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி ஆலை விடுதிகளில் அடைபட்ட பெண்களைப் பற்றி நெதர்லாந்து அமைப்புகள் 2011-இல் எழுதிய பின்னரே, அவர்கள் நூற்ற நூலில் ஆன ஆடைகளை விற்கும் அயல்நாட்டுக் கடைகள் விழித்துக்கொண்டன. அங்கும் பேசியவர்கள் தரகரும் பெற்றோரும்தான். பயிற்சி என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரசின் திட்டங்கள் அப்படிப்பட்டவை அல்ல என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். 2014-இல் தொடங்கிய தீனதயாள் உபாத்தியாயா ஊரகத் திறன் திட்டம், 15 முதல் 35 வயது வரையுள்ள கிராமத்து ஏழைகளுக்கானது. பயின்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கேனும் வேலை கிடைக்கவேண்டும் என்று அது விதித்தது. வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சில மாதங்கள் 1,000 ரூபாய் துணைத்தொகையும் தந்தது. நல்ல விதிகளே. ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் வேலையில் இருந்தாலே 'வேலை கிடைத்தவர்' என்று கணக்கு. ஓராண்டு நிலைத்தால் ஊக்கத்தொகை உண்டு. அதுவும் பயிற்சி கொடுத்த நிறுவனத்துக்கு! நிலைத்து நின்றவள் அவள், பரிசு வேறொருவருக்கு.

சட்டத்தில் மூன்றாவது கையொப்பத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநரே முதலாளியோடு ஒப்பந்தம் செய்யவேண்டும். வயது நிரம்பாதவராயின் காப்பாளர் ஒப்பமிடவேண்டும். அதைப் பதிவும் செய்யவேண்டும். ஆனால் ஒரு கையால் கொடுத்த சட்டம் மறுகையால் பறித்துக்கொண்டது. அதன் 18-ஆம் பிரிவு, பழகுநர் தொழிலாளர் அல்லர் என்கிறது. 22-ஆம் பிரிவோ, பயிற்சி முடிந்தவருக்கு வேலை தரும் கடமையை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்பட்டாலன்றி, முதலாளிமீது சுமத்தவில்லை. 2019-ஆம் ஆண்டு விதிகள் உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 வரை வகுத்தன. அதிலும் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மைய அரசே ஏற்கும் திட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. ஓராண்டு முழு உழைப்பையும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு புதிய பழகுநரை உட்கார்த்திக்கொள்ள ஒரு நிறுவனம் விரும்பினால், இவற்றில் எது தடுக்கும்?

"நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம், பிள்ளைகளோ நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுகிறார்கள்" என்பது நிறுவனத்தாரின் பழைய புலம்பல். நூறு ரூபாய்க்காக ஒருவர் ஓடுகிறார் என்றால், அவருக்கு அந்த நூறு ரூபாய் எவ்வளவு தேவையாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தொழில் பழகுவதில் உலகுக்கே முன்மாதிரி என்று நம் அமைச்சர்கள் மேடைதோறும் புகழும் ஜெர்மனியைப் பார்க்கட்டும். அங்கே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழகுநருக்கு எழுத்து வடிவ ஒப்பந்தம் உண்டு. தேர்வை நடத்துவது பயிற்றுவித்த நிறுவனமன்று. தொழில் மன்றம் அமைக்கும் குழு. அக்குழுவில் முதலாளிகளுக்கு எத்தனை இடமோ, தொழிலாளர்களுக்கும் அத்தனை இடம். தொழிற்பள்ளி ஆசிரியரும் அமர்கிறார். அங்கிருந்து இயந்திரங்களை இறக்குமதி செய்தவர்கள் இந்தக் குழுவை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள் போலும்.

நாம் கேட்பது புதிய திட்டமன்று. வெம்பாக்கத்துப் பெண் ஒருத்தி பயிற்சிக்குச் சேரும் நாளில், அவள் படிக்கக்கூடிய தமிழில் ஒரு தாள் அவள் கையில் இருக்கட்டும். பயிற்சி எத்தனை மாதம், உதவித்தொகை எவ்வளவு, முடிந்தபின் சம்பளம் என்ன, விடுதியிலிருந்து வீட்டுக்கு எப்போது போகலாம், இடையில் விலகினால் சான்றிதழ் யாரிடம் இருக்கும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கட்டும். ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு, நிறுவனத்தின் பெயரோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். அதிகாரியும் நிறுவனத்தாரும் ஒப்பமிட்ட அதே தாளில் அவளும் ஒப்பமிடட்டும். ஒரு படி அவள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். இதைச் செய்ய முன்வராத நிறுவனத்தோடு அரசு எதற்காகக் கைகுலுக்குகிறது என்பதை அடுத்த பூச்செண்டு மேசையில் யாராவது கேட்கவேண்டும்.