தும்மல்காரரின் மெட்டு

அடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை டெனி வில்னவ் இயக்குவார் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். அன்று ரசிகர்களைப் பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை. முகப்புப் பாடலை யார் பாடுவார், எந்த ராக் குழுவைக் கூப்பிடுவார்கள் என்று ஆளாளுக்கு ஆரூடம். இந்த வாரமும் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. படத்தின் பெயர் வெளிவருமுன்பே பாட்டுக்குப் பந்தயம்!

ஆரூடம் சொல்லட்டும், எனக்கென்ன? ஆனால் இதே ஆசாமிகள் வீட்டில் படம் பார்க்கும்போது என்ன செய்கிறார்கள்? முகப்புப் பாடல் தொடங்கியதும் ‘ஸ்கிப்’ பொத்தானை அமுக்குகிறார்கள். அந்தப் பொத்தானைப் பற்றி நான் புலம்பியது போதும் என்று வாசகர்கள் கடிதமே போட்டிருக்கிறார்கள். போதாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து மெட்டுப் போட்டு, பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்கிறார்கள். துப்பாக்கியும் நிழலுருவங்களும் மிதக்கிற அந்தச் சில நிமிடங்களைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நம் கட்டைவிரல் அதை ஒரு நொடியில் தீர்த்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு அவசரமாம்.

சரி, பாட்டுக்கு வருவோம். ராக் இசைக்காரர்களுக்கு இது ஒரு விநோதமான வேலை. சொந்த ஆல்பத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். இங்கே தலைப்பு பெரும்பாலும் முதலாளி கொடுப்பது. ‘கோல்டன் ஐ’ என்றால் அந்தச் சொல்லைப் பல்லவியில் எப்படியாவது உட்கார வைக்க வேண்டும். 1995-இல் யூ2 குழுவின் போனோவும் தி எட்ஜும் அதை எழுதி டினா டர்னரைப் பாட வைத்தார்கள். பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங்கின் ஜமைக்கா வீட்டுக்கும் அதுதான் பெயர். போனோ தேனிலவுக்குப் போனதும் அங்கேதான்.

ராக் இசைக்காரர்களைப் பாண்ட் நக்கலடித்த காலமும் உண்டு. 1964-இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஷாம்பெயின் குளிரக் குளிர இருக்க வேண்டும் என்று பாண்ட் பாடம் எடுப்பார். இல்லாவிட்டால், காதைப் பொத்திக்கொள்ளாமல் பீட்டில்ஸ் கேட்பதற்குச் சமம் என்று ஒரு குத்து. அதே படத்தின் பாட்டை ஷெர்லி பாஸியை வைத்துப் பதிவு செய்தவர் பீட்டில்ஸின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின்! ஒன்பது வருடம் கழித்து, 1973-இல், ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்துக்குப் பாட்டு எழுத பாண்ட் கம்பெனி போய் நின்றது முன்னாள் பீட்டில்ஸ்காரர் பால் மெக்கார்ட்னியின் வாசலில். நாவலைப் படித்துவிட்டு அவர் எழுதினார். மார்ட்டின் இசைக்கோர்ப்பு செய்து பதிவு செய்தார். கேட்டு முடித்த தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மேன், “நன்றாயிருக்கிறது, யாரைப் பாட வைக்கலாம்?” என்கிற மாதிரி கேட்டாராம். மெக்கார்ட்னி பாடியதை அவர் மாதிரிப் பதிவென்று நினைத்துவிட்டார். மார்ட்டின் பொறுமையாக எடுத்துச் சொல்லிக் காரியத்தைச் சாதித்தார். ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் பாண்ட் முகப்புப் பாடல் அது.

மெக்கார்ட்னி தப்பித்தார். ஆலிஸ் கூப்பர் தப்பவில்லை. 1974 படமான ‘தி மேன் வித் த கோல்டன் கன்’னுக்கு அவர் எழுதியது எடுபடவில்லை, லுலு பாடினார். 1981-இல் ப்ளாண்டி குழு சொந்தப் பாட்டோடு போனது. படக்காரர்களிடம் வேறு பாட்டு தயாராக இருந்தது. அதைப் பாட மாட்டோம் என்று திரும்பிவிட்டார்கள். 1997-இல் பல்ப் குழுவுக்கும் ஏமாற்றம்தான்.

ரேடியோஹெட் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. ‘ஸ்பெக்டர்’ படத்துக்காக அவர்கள் முதலில் கொடுத்தது ‘மேன் ஆஃப் வார்’. தொண்ணூறுகளில் எழுதி, வெளியிடாமல் பரணில் போட்டிருந்த பாட்டு. இந்தப் படத்துக்கென்றே எழுதியதல்ல, அதனால் ஆஸ்கருக்குத் தகுதியில்லை என்று அது கழிந்தது. நடந்துகொண்டிருந்த ஆல்பத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார்கள். அது ரொம்பச் சோகமாக இருக்கிறதென்று அதையும் ஒதுக்கினார்கள். 2015 கிறிஸ்துமஸ் அன்று அதை அவர்களே இலவசமாக வெளியிட்டார்கள். சாம் ஸ்மித்தின் பாட்டு ஆஸ்கர் வாங்கியது.

பழைய பாட்டு கூடாதாம். இதைச் சொல்ல வேறு யாருக்கு உரிமை இருந்தாலும் பாண்ட் கம்பெனிக்குக் கிடையாது. ஏன் என்று சொல்ல நான் பிஸ்வாஸிடம் போயாக வேண்டும். வழக்கமான வாசகர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. ஆமாம், மறுபடியும் அவர்தான்.

வி.எஸ்.நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவல் 1961-இல் வந்தது. டிரினிடாட் தீவில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன இந்தியக் குடும்பத்தில் ஆறு விரலோடு பிறக்கிறார் மோகன் பிஸ்வாஸ். இவனுடைய தும்மல் ராசியில்லாதது என்று பண்டிதர் சொல்லிவிடுகிறார். அந்தத் தும்மலைக் கேட்டாலே அப்பாவுக்கு வேலைக்குப் போகப் பயம். கடைசியில், குளத்தில் மகன் மூழ்கிவிட்டான் என்று எண்ணிக் குதித்த அப்பா செத்துப்போகிறார்; மகனோ வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் பத்திரமாக ஒளிந்திருக்கிறான். சிரிப்பும் துக்கமும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும். நைபாலின் மற்ற புத்தகங்களோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு; இதோடு கிடையாது.

பிஸ்வாஸ் வளர்ந்து விளம்பரப் பலகை எழுதுகிறார். வாசகம் கடைக்காரருடையது, பலகையின் அகலமும் அவருடையது. அதற்குள்ளேயே அவர் ஆர், எஸ் என்ற ஆங்கில எழுத்துகளின் வளைவில் சொக்கிப்போவார். பாண்ட் பாட்டு எழுதுகிறவர்களின் நிலைமையும் இதுதானே? துளசி வீட்டுக் கடையில் பலகை எழுதப் போன இடத்தில், யாரும் கேட்காத காதல் சீட்டு ஒன்றை அந்த வீட்டுப் பெண் ஷாமாவுக்கு எழுதிவிடுகிறார். மாட்டிக்கொண்டு, கல்யாணமாகி, அந்தக் கூட்டுக்குடும்பத்தோடு ஆயுசுக்கும் மல்லுக்கட்டு. ஆர்டரில் எழுதிய பலகைகளால் அவர் வாழ்க்கையில் ஒன்றும் புரளவில்லை. கேட்காமல் எழுதிய சீட்டு புரட்டிப் போட்டது.

இந்த நாவலை மேடை இசை நாடகமாக்க மான்ட்டி நார்மன் என்ற லண்டன் இசையமைப்பாளர் பாட்டு எழுதினார். தும்மலின் ராசியைப் பற்றிப் பிஸ்வாஸ் புலம்புவதாக, சித்தார் சாயலில் ஒரு மெட்டு. நாடகம் மேடையேறவில்லை, பாட்டு மேசை டிராயருக்குள் போயிற்று. 1962-இல் முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ வந்தபோது நார்மன் அதை வெளியே எடுத்தார். ஸ்வரங்களைத் துண்டு துண்டாக வெட்டினார். ஜான் பேரி அதற்கு இசைக்கோர்ப்பு செய்தார். பேரியின் ராக் அண்ட் ரோல் குழுவில் வாசித்த விக் ஃப்ளிக், மின்கிட்டாரில் அதைச் சுண்டினார். உலகத்துக்கே தெரிந்த அந்த டண்டணக்கு பிறந்த கதை இதுதான். மெட்டு பேரியுடையது என்ற பேச்சு பின்னாளில் கிளம்பி, அப்படி எழுதிய சண்டே டைம்ஸ் பத்திரிகை மீது நார்மன் அவதூறு வழக்குப் போட்டார். 2001-இல் லண்டன் நீதிமன்றத்தில் ஜெயித்து 30,000 பவுண்டு நஷ்ட ஈடு வாங்கினார்.

குண்டு மழையில் நனையாத பாண்ட், கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தபடி நடந்து வருவது ராசியில்லாத தும்மல்காரரின் மெட்டுக்கு. பரணிலிருந்து இறக்கிய சரக்கில் இத்தனை காலம் வியாபாரம் செய்த கடை, ரேடியோஹெட்டின் பரண் சரக்கைத் திருப்பி அனுப்பியது. 1962-இல் ஆஸ்கர் விதிப்புத்தகத்தோடு யாராவது வாசலில் நின்றிருந்தால் பாண்டுக்கு மெட்டே கிடைத்திருக்காது.

ஆகவே, அடுத்த படத்துக்கு அழைப்பு வரப்போகிற ராக் குழுவினரே, முதலில் மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். நல்லதாக ஒன்று கிடைத்தால் எப்போது எழுதியது என்று யாரிடமும் வாய் திறக்காதீர்கள். கேட்டால், நேற்று ராத்திரிதான் என்று சொல்லுங்கள்.