புரதம் கூறும் ஆரூடம்

வெள்ளவத்தையில் எமது அயலில் வாழும் பெரியவர் ஒருவர், ஒருநாள் தமது சிறுநீர் செந்நிறமாக இறங்குவதைக் கண்டார். நோவுமில்லை, எரிவுமில்லை. "உடற்சூடு" என்று தாமே தீர்மானித்து, காலி வீதியிலே செவ்விளநீர் வாங்கி அருந்தினார். இரண்டு நாளில் நிறம் தெளிந்தது. இளநீருக்குப் புகழ் கிடைத்தது. சில மாதங்களின் பின் மீண்டும் இரத்தம் கண்டபோதே வைத்தியரை நாடினார். சிறுநீர்ப்பையின் உட்சுவரிலே புற்றுநோய்க் கட்டியொன்று முளைத்திருந்தது.

நல்லவேளை, அது தசையினுள் ஊன்றவில்லை. இந்நோய் கண்டறியப்படுவோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 70 முதல் 75 பேர் இந்த ஆரம்ப நிலையிலேயே இருக்கின்றனர். சிறுநீர் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆயினும், கொட்டாஞ்சேனையிலிருந்து ஓடிவந்த மகள் கேட்ட கேள்வி எம் நெஞ்சை விட்டு அகலவில்லை: "இனி இது வராதா, டொக்டர்?"

விடை எளிதன்று. சில கட்டிகள் திரும்பத் திரும்ப முளைத்தாலும் மேற்பரப்பிலேயே நிற்பன. வேறு சில ஓசையின்றித் தசையை ஊடுருவுவன. ஆபத்து மிகுந்த கட்டியென்றால், குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாக ஏற்றும் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்துவர். இது 1976 ஆம் ஆண்டில் கனடாவின் மொராலெஸ் என்பார் காட்டிய வழி. அதுவும் பயன் தராவிடின் பையையே அகற்ற நேரும். ஆபத்தைக் குறைத்து மதித்தால் உயிர் போகும்; கூட்டி மதித்தால் வீணே ஓர் உறுப்புப் போகும்.

ஆகவேதான், எடுத்த கட்டியின் சாதகத்தை அதன் புரதங்களிலே வாசிக்க அறிஞர் முயல்கின்றனர். 1983 இல் அறிவிக்கப்பட்ட கி-67 என்னும் புரதம், பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களில் மட்டுமே தோன்றும். 1979 இல் அறியப்பட்ட பி-53, உயிரணுவின் காவலாளி. காவலாளி பழுதுற்றால், அப்புரதம் உட்கருவிலே தேங்கிச் சாயமிடும்போது புலப்படும். ஈ-கட்ஹீரின் என்பது அணுக்களைப் பிணைக்கும் பசை. அது குறைந்தால் அணுக்கள் கட்டவிழ்ந்து பரவ இடமுண்டு.

ஆனால் ஆரூடம் இன்னும் திருத்தமாகவில்லை. ஓர் ஆய்வின் முடிவு மற்றொன்றோடு முரண்படுகிறது. ஆதலின் தனியொரு புரதத்தை நம்பி எவரும் முடிவெடுப்பதில்லை. கட்டிகளின் எண்ணிக்கை, பருமன், ஊன்றிய ஆழம், அணுக்களின் தரம், முன்பு வந்த வரலாறு ஆகியவற்றைக் கூட்டிக் கணிப்பதே இன்றும் வைத்தியருக்கு முதற்றுணை.

நமக்குரிய கடமையோ மூன்று. வலியற்ற இரத்தத்தைச் சூடென்று தள்ளிவிடாதிருத்தல். இந்நோயின் தலையாய காரணமாகிய புகைத்தலை விடுதல். கட்டியை எடுத்து மூன்று மாதத்தில் தொடங்கும் மறுசோதனைத் தவணைகளைத் தவறவிடாதிருத்தல்.

எமது பெரியவர் சுருட்டை விட்டுவிட்டார். கிளினிக் அட்டை சுவாமி படத்தருகே இருக்கிறது. செவ்விளநீரை மட்டும் அவர் விடவில்லை; தாகத்துக்கு அது நல்லதுதானே!