திரை கறுத்தால் அவசரம் வேண்டா

உபுண்டு லினக்ஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியபின், கடவுச்சொல் கொடுத்ததும் திரை கறுத்து நின்றுவிடுவதுண்டு. 'எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுங்கள்' என்று சொல்ல எவரேனும் ஒருவர் எப்போதும் இருப்பார். செவிசாய்க்காதீர்கள். பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் 'ஹோம்' கோப்புறையில் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் நகல். நிறுவுவதற்குரிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவாமலே 'முயன்று பார்க்கும்' வழியில் நுழைந்து, அக்கோப்புறையை வெளி வட்டில் படியெடுங்கள்.

பிறகு, வழக்கம்போல் கணினியைத் தொடங்கிக் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை தோன்றும். அதில் நுழைந்து, 'டி.எஃப்.' என்னும் கட்டளையால் வட்டில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். வட்டு நிரம்பினாலும் முகப்பு திறக்காது. அங்கேயே 'சூடோ ஆட்யூசர்' கட்டளையால் புதிய பயனரை உருவாக்குங்கள். அப்பெயரில் முகப்பு ஒழுங்காகத் திறந்தால், பிழை உங்கள் பழைய அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது. அதிலும் திரை கறுத்தால், வரைகலை அட்டையின் இயக்கியைச் சந்தேகியுங்கள். 'கிரப்' பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து தொடங்கிப் பார்க்கலாம்.

மாற்றமெல்லாம் பழுதன்று. 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பு, யூனிட்டியை விட்டு க்னோமுக்கு மாறியபோது சாளரப் பொத்தான்கள் இடப்புறத்திலிருந்து வலப்புறம் சென்றன. அதைப் பழுதென்று எண்ணித் தேடினால் பொழுதுதான் போகும்!